பாடசாலையின் இரண்டாவது ஆள்
இங்கிலாந்தில் கற்பித்தல் உதவியாளர்களின் வேலையும் சம்பளமும்

இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலை ஒன்றிற்குக் காலை வேளையிற் செல்லும் எவரும் பெரும்பாலான வகுப்பறைகளில் வயது வந்தோர் இருவரைக் காண்பர். ஒருவர் மாணவருக்கு முன்னால் நின்று பாடம் நடத்துவார். மற்றவர் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கெனச் செய்யப்பட்ட குட்டைக் கதிரையில் முழங்கால்களை மடக்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டத் திணறும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்திருப்பார். முன்னவர் ஆசிரியர். பின்னவர் கற்பித்தல் உதவியாளர். எம்மவர் பேச்சில் 'ரீ.ஏ.'. இக்கட்டுரை அந்தப் பின்னவரைப் பற்றியது.

1980களிலும் 90களிலும் தாயகத்திலிருந்து இங்கு வந்திறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு, ஆங்கிலப் பாடசாலையில் முதலிற் பழக்கமான முகம் இந்த இரண்டாவது ஆளின் முகமே. மலசலகூடம் எங்கே என்பதைச் சைகையாற் காட்டியவர் அவர். உணவுத் தட்டில் மாட்டிறைச்சி விழாமற் பார்த்துக்கொண்டவரும் அவரே. ஆகாயத்தில் விமானம் இரைந்ததும் மேசைக்கடியிற் புகுந்துகொண்ட பிள்ளையைக் கையைப் பிடித்து மெல்ல வெளியே அழைத்து வந்தவரும் அவரே. அந்தப் பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகிவிட்டனர். ஹறோ, பிறெண்ட், நியூஹாம், மேர்ட்டன் போன்ற, எமது மக்கள் செறிந்து வாழும் லண்டன் பகுதிகளில் தமிழ்ப் பெண்மணிகள் பலர் இப்போது அதே குட்டைக் கதிரையில் உதவியாளர்களாக அமர்ந்திருக்கின்றனர்.

இவ்வேலையை அவர்கள் நாடுவதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றே. பிள்ளையோடு போய்ப் பிள்ளையோடு திரும்பலாம். தவணை விடுமுறையில் வீட்டில் நிற்கலாம். கடையிலே இரவு பதினொரு மணிவரை காசாளராக நிற்பதிலும், விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவதிலும் இது மேலானது என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் 'வசதியான வேலை' என்ற அந்த ஒரு சொல்லே இவ்வேலையின் விலையையும் தீர்மானித்துவிட்டது என்பதை எம்மவரிற் பலர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட பின்னரே அறிகின்றனர்.

எங்கிருந்து வந்தது இப்பதவி?

இங்கிலாந்தின் அரச நிதியில் இயங்கும் பாடசாலைகளில், முழுநேரப் பணியாளராகக் கணக்கிட்டால், 1997 இல் கற்பித்தல் உதவியாளர்கள் 60 ஆயிரமளவிலேயே இருந்தனர். 2023-24 கல்வியாண்டில் அத்தொகை 2 இலட்சத்து 80 ஆயிரத்தைக் கடந்திருந்தது. அதே ஆண்டில் ஆசிரியர்கள் ஏறத்தாழ 4 இலட்சத்து 68 ஆயிரம் பேர். ஐந்து ஆசிரியருக்கு மூன்று உதவியாளர் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். கால் நூற்றாண்டில் நான்கு மடங்குக்கு மேலாகப் பெருகிய ஒரு தொழிற்பிரிவைப் பற்றி இந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதியது மிகக் குறைவு.

ஆரம்பத்தில் இவர்கள் வர்ணக் கிண்ணங்களைக் கழுவவும், விழுந்த பிள்ளையின் முழங்காலுக்கு மருந்து போடவும் வைக்கப்பட்ட உதவிப் பெண்கள். ஆரம்பக் கல்வி பற்றி 1967 இல் வெளிவந்த பிளவ்டன் அறிக்கை, ஆசிரியருக்குப் பயிற்சி பெற்ற துணையாள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னர் 1978 இல் வோர்னொக் அறிக்கையும் அதையொட்டி 1981 ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் வந்தன. அங்கவீனமுள்ள பிள்ளைகளும் கற்றல் இடர்ப்பாடுள்ள பிள்ளைகளும் சாதாரண பாடசாலைகளுக்கு வரத் தொடங்கினர். அப்பிள்ளைகளுக்கு அருகிலிருந்து உதவ ஆட்கள் தேவைப்பட்டனர்.

எனினும் பெரிய மாற்றம் 2003 ஜனவரியில் நிகழ்ந்தது. ஆசிரியர்களின் வேலைப்பளுவைக் குறைப்பதற்காக அரசாங்கமும் பெரும்பாலான தொழிற்சங்கங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரதியெடுத்தல், பிள்ளைகளிடம் பணம் சேகரித்தல், சுவரில் படங்களை ஒட்டுதல் முதலிய வேலைகளை ஆசிரியர் இனிச் செய்ய வேண்டியதில்லை என்று அது கூறியது. 2005 செப்டெம்பர் முதல் ஒவ்வோர் ஆசிரியருக்கும் கற்பித்தல் நேரத்திற் பத்து வீதம், பாடத்தை ஆயத்தம் செய்யவும் திருத்தவும் ஒதுக்கப்பட்டது. நல்ல உடன்படிக்கைதான். ஆசிரியரின் களைப்பு உண்மையானது. பொய்யென்று எவரும் கூறவில்லை. ஆனால் ஆசிரியர் வகுப்பறையை விட்டு வெளியேறும் அந்த நேரத்தில் முப்பது பிள்ளைகளையும் யார் பார்ப்பது? இதற்கென 'உயர்தரக் கற்பித்தல் உதவியாளர்' என்ற பதவி உருவாக்கப்பட்டது. அப்பதவிக்குரிய தகுதியைப் பெறாத, அதற்கான சம்பளத்தையும் பெறாத சாதாரண உதவியாளர்களும் காலப்போக்கில் வகுப்புக்குப் பொறுப்பாக நிற்க நேர்ந்தது. ஆசிரியரின் தோளிலிருந்து இறக்கிய மூட்டை நிலத்தில் வைக்கப்படவில்லை.

விளம்பரத்தில் ஒரு தொகை, வங்கியில் வேறொன்று

இந்நாட்டில் ஆசிரியருக்கு ஆண்டு முழுவதற்குமான சம்பளம் உண்டு. தாயகத்திலும் ஏப்ரில், ஆகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளில் ஆசிரியரின் மாதச் சம்பளம் நிற்பதில்லை. ஆகவே யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பாடசாலையிற் கடமையாற்றிவிட்டு வந்த ஒருவர், இங்கே பாடசாலையில் வேலை என்றதும் அதே முறை தனக்கும் பொருந்தும் என்று எண்ணுவது இயல்பே. உதவியாளருக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை.

பாடசாலை ஆண்டில் 190 நாட்கள், அதாவது 38 வாரங்கள் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் ஐந்து நாட்களையும் சேர்த்தால் 39 வாரங்கள். உதவியாளர்களிற் பெரும்பாலோரின் ஒப்பந்தம் 'தவணைக் காலத்துக்கு மட்டும்' என்றே எழுதப்படுகின்றது. இந்த 39 வாரங்களோடு அவருக்கு உரித்தான வருடாந்த விடுமுறை வாரங்கள் கூட்டப்படும். சேவைக்காலத்தையும் உள்ளூராட்சிச் சபையின் விதிகளையும் பொறுத்து 44 அல்லது 45 வாரச் சம்பளம் வரும். எஞ்சிய ஏழெட்டு வாரங்களுக்குச் சம்பளமில்லை.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் ஆண்டுச் சம்பளம் 24,000 பவுண் என்று தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'விகிதாசாரப்படி' என்ற ஒரு சொல் உண்டு. அந்த 24,000 பவுண் வாரத்தில் 37 மணித்தியாலமும் ஆண்டில் 52 வாரமும் வேலை செய்பவருக்கு உரியது. எமது உதவியாளர் வாரத்தில் முப்பத்திரண்டரை மணித்தியாலம் வேலை செய்கிறார். இதனால் தொகை 21,081 ஆகக் குறைகிறது. பின்னர் 52 வாரத்துக்குப் பதிலாக நாற்பத்துநாலரை வாரம் என்று கணக்கிடும்போது, கையிற் கிடைப்பது ஏறத்தாழ 18,040 பவுண். மாதம் 2,000 என்று எண்ணிச் சென்றவருக்கு 1,503 பவுண்தான் கிடைக்கின்றது. அதிலிருந்தும் வரி, தேசிய காப்புறுதி, ஓய்வூதியப் பங்களிப்பு ஆகியன கழிக்கப்படும்.

இதில் மயக்கம் தரும் இன்னொரு விடயமும் உண்டு. இத்தொகை பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கப்பட்டு மாதந்தோறும் வழங்கப்படுவதால், ஆகஸ்ட் மாதத்திலும் வங்கிக் கணக்கிற் பணம் விழுகிறது. 'எங்களுக்கு விடுமுறைக்கும் சம்பளம் தருகிறார்கள்' என்று பெருமையோடு கூறுவோர் உளர். உரித்தான விடுமுறை நாட்களுக்கு அப்பால், ஆகஸ்டில் வரும் பணம் மற்றைய மாதங்களில் அவரே உழைத்து, அவரிடமிருந்தே பிடித்து வைக்கப்பட்ட பணமாகும்.

டர்ஹம் பெண்கள்

இந்தக் கணக்கின் உட்பொருளை நாடறியச் செய்தவர்கள் வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்து உதவியாளர்கள். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வறுமை சூழ்ந்த ஊர்கள் நிறைந்த பிரதேசம் அது. அங்கே உதவியாளர்கள் அதுவரை ஆண்டு முழுவதற்குமான சம்பளத்தைப் பெற்று வந்தனர். 2015 இல் மாவட்டச் சபை இதனை மாற்றத் திட்டமிட்டது. சபை ஊழியரில் வேறு பிரிவினர் வேலை செய்யும் வாரங்களுக்கு மட்டுமே சம்பளம் பெறுகின்றனர் என்றும், உதவியாளருக்கு மட்டும் முழு ஆண்டுக்கும் வழங்கினால் மற்றையோர் சம ஊதியச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரக்கூடும் என்றும் சபை காரணம் கூறியது. ஏறத்தாழ 2,700 பேரையும் வேலைநீக்கம் செய்து, தவணைக்கால ஒப்பந்தத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்வது என்பதே திட்டம். சிலருக்கு ஏற்படவிருந்த இழப்பு சம்பளத்தில் 23 வீதம் வரை சென்றது.

சம ஊதியச் சட்டம் 1970 இல் நிறைவேறியபோது, பெண்களின் சம்பளத்தைக் குறைப்பதற்கு அதுவே காரணமாகக் காட்டப்படும் நாள் வரும் என்று அதற்காக வாதாடியவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். இத்தனைக்கும் டர்ஹம் சபை தொழிற் கட்சியின் கையில் இருந்தது. அக்கட்சி இந்நாட்டில் முதன்முதலாகக் கைப்பற்றிய மாவட்டச் சபையும் அதுவே, ஆண்டு 1919.

உதவியாளர்களோ அதுவரை கூட்டம் கூடிப் பழகியவர்கள் அல்லர். பாடசாலை வாசலில் பெற்றோருடன் சிரித்துப் பேசி, தலைமை ஆசிரியர் சொன்னதைச் செய்து வந்த பெண்கள். பலர் தம் பெயரைப் பத்திரிகையிற் போடவும் அஞ்சினர். ஆயினும் அவர்கள் ஊர் ஊராகக் கூடினர். தமக்குள்ளேயே ஒரு செயற்குழுவை அமைத்துக்கொண்டனர். 1871 முதல் டர்ஹம் நகரில் நடைபெற்று வரும் சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவில், 2016 கோடையில், பழைய சுரங்கச் சங்கங்களின் பதாகைகளுக்கு நடுவே இவர்களும் அணிவகுத்துச் சென்றனர். சுரங்கத் தொழிலாளரின் மகள்மாரும் பேத்திமாரும் அந்த அணியில் இருந்தனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2016 நவம்பரில் இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நாட்கள், அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பல பாடசாலைகள் அந்நாட்களிற் கதவைத் திறக்கவே முடியவில்லை. உதவியாளர் இல்லாவிட்டால் பாடசாலை இயங்காது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சபை தனது திட்டத்தை நிறுத்தி வைத்தது. அதன் பின்னர் நிகழ்ந்தது மிகவும் கவனிக்கத்தக்கது. உதவியாளர் ஒருவர் உண்மையில் என்னென்ன வேலைகள் செய்கிறார் என்பதை ஒவ்வொன்றாக எழுதி மதிப்பிடத் தொடங்கினர். தாளிற் காணப்பட்ட வேலை விவரத்துக்கும் வகுப்பறையில் நடக்கும் வேலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. பதவிகள் மீண்டும் தரப்படுத்தப்பட்டன. நீண்ட பேச்சுவார்த்தையின் பின் 2017 இல் எட்டப்பட்ட தீர்வினாற் பெரும்பான்மையோர் இழப்பிலிருந்து தப்பினர். பலருக்குச் சம்பளம் உயர்ந்தது. சில நூறு பேர் மட்டும் இழப்பைச் சுமக்கவே நேர்ந்தது. ஏறக்குறைய இதே காலத்தில் டார்பி நகரத்து உதவியாளர்களும் இதே காரணத்துக்காகப் போராடித் தீர்வு கண்டனர்.

டர்ஹம் பெண்கள் இழக்க மறுத்தது எதுவோ, அது லண்டனில் எம்மவரிற் பெரும்பாலோருக்கு ஒருபோதும் கிடைத்ததே இல்லை என்பதையும் இவ்விடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேசுவதற்கு ஒரு சபை

ஆசிரியர்களின் சம்பளத்தை ஆராய்வதற்கென 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தனிக் குழு ஒன்று உண்டு. உதவியாளர், சமையலறைப் பணியாளர், காரியாலய எழுதுவினைஞர், காவலாளி ஆகியோருக்கு அப்படி ஒன்று இல்லை. உள்ளூராட்சி ஊழியர் அனைவருக்குமான பொதுப் பேச்சுவார்த்தையில் இவர்களும் ஒரு மூலையில் வைத்துப் பார்க்கப்பட்டனர். உள்ளூராட்சிச் சபைகளின் பிடியிலிருந்து விலகி 'அக்கடமி' என்ற பெயரில் இயங்கும் பாடசாலைகள் அந்தப் பொது விதிகளைக்கூடப் பின்பற்ற வேண்டியதில்லை. ஒரே தெருவிலுள்ள இரு பாடசாலைகளில் ஒரே வேலைக்கு இரு விதமான சம்பளம் இருப்பதன் காரணம் இதுவே.

இக்குறையைத் தீர்க்க 2009 இல் தொழிற் கட்சி அரசாங்கம், பாடசாலை உதவிப் பணியாளருக்கான பேச்சுவார்த்தைச் சபை ஒன்றைச் சட்டத்தின் மூலம் அமைத்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. சபை தனது வேலையை முடிக்கும் முன்னரே அதனைக் கலைக்கும் முடிவு வந்து, 2011 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை நீக்கியது. பதினான்கு ஆண்டுகளின் பின் 2025 ஆம் ஆண்டின் வேலை உரிமைகள் சட்டம் அதே சபையை மீண்டும் அமைக்க வழி செய்துள்ளது. அக்கடமிப் பாடசாலைகளும் இதனுள் அடங்கும் என்பது முன்னேற்றமே. ஆனால் சட்டத்தில் ஒரு சபை எழுதப்படுவது வேறு. அது ஊழியரின் சம்பளச் சீட்டில் ஓர் எண்ணை மாற்றுவது வேறு. முன்னைய சபையின் கதியை அறிந்தவர்கள் பொறுத்திருந்தே பார்ப்பர்.

பிள்ளைக்கு என்ன இலாபம், என்ன நட்டம்?

இது ஊழியரின் பிரச்சினை, பெற்றோராகிய எமக்கென்ன என்று கேட்கலாம். 2003 முதல் 2008 வரை லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரு பெரிய ஆய்வை நடத்தினர். பேராசிரியர் பீற்றர் பிளாச்ஃபர்ட் அதற்குத் தலைமை தாங்கினார். உதவியாளரின் உதவியை அதிகம் பெற்ற பிள்ளைகள், அவர்களை ஒத்த மற்றைய பிள்ளைகளைவிடக் கல்வியிற் குறைந்த முன்னேற்றமே கண்டனர் என்ற முடிவு பலரையும் திகைக்க வைத்தது. உதவியாளரே வேண்டாம் என்று சிலர் அவசரப்பட்டனர். ஆய்வாளர்கள் அப்படிக் கூறவில்லை. மிகவும் பின்தங்கிய பிள்ளை, பயிற்சி பெற்ற ஆசிரியரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பயிற்சி குறைந்த உதவியாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது; அந்த உதவியாளரோடு அன்றைய பாடத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பெரும்பாலான ஆசிரியருக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை; பாடம் தொடங்கும்போதே உதவியாளரும் பிள்ளையோடு சேர்ந்து அதனை முதன்முறையாகக் கேட்கிறார். தவறு உதவியாளரிடம் இல்லை, அவரைப் பயன்படுத்தும் முறையிலேயே இருக்கிறது என்பதே அவர்களின் கருத்து.

காலை 8.45 க்கு ஒப்பந்தம் தொடங்கி மாலை 3.15 க்கு முடிந்தால், ஆசிரியருடன் ஆலோசிக்கும் நேரம் எங்கே? பலர் எட்டு மணிக்கே போய், சம்பளமின்றி, கேட்டறிகின்றனர். போகாதவரின் பிள்ளைகள் அந்நாளின் பாடத்தைத் தட்டுத்தடுமாறிக் கற்கின்றனர். அரைமணி நேரச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதனால் யாருடைய பிள்ளை நட்டமடைகிறது என்று கேட்டால், பெரும்பாலும் புதிதாக வந்த பிள்ளை, ஆங்கிலம் தெரியாத பிள்ளை, கற்றல் இடர்ப்பாடுள்ள பிள்ளை.

எமது பிள்ளைகளுக்கு உதவ முன்னர் தனி நிதி ஒன்று இருந்தது என்பதைப் பழையவர்கள் அறிவர். 1966 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி, பொதுநலவாய நாடுகளிலிருந்து வந்தோர் பெருமளவில் வாழும் இடங்களில் மேலதிக ஊழியரை அமர்த்துவதற்கு உள்துறை அமைச்சு பணம் வழங்கியது. இலங்கை பொதுநலவாய நாடாகையால் தமிழ்ப் பிள்ளைகள் அதற்குள் அடங்கினர். அதே வகுப்பிலிருந்த குர்திஷ் அகதிப் பிள்ளை அடங்கவில்லை. 1993 இல் இந்த வேறுபாடு சட்டத் திருத்தத்தினால் நீக்கப்பட்டது. ஆனால் கதவு அகலத் திறந்த அதே காலத்தில் நிதி குறைக்கப்பட்டது. 1999 இல் வேறொரு பெயரில் கல்வி அமைச்சின் மானியமாக மாறியது. 2011 இற் பாடசாலைகளின் பொது நிதியோடு கலந்துவிட்டது. இரு மொழி தெரிந்த உதவியாளரின் வேலை எப்போதும் அடுத்த ஆண்டு இருக்குமோ இராதோ என்ற நிலையிலேயே இருந்து வந்தது; கலந்த பின்னர் அவருக்கெனத் தனிக் கணக்கும் இல்லாமற் போயிற்று.

தஞ்சம் கோரி நிற்போர்

தாயகத்தில் ஆசிரியராக இருந்த பலர் இங்கு உதவியாளராகவேனும் நுழைய விரும்புகின்றனர். 2002 ஜூலைக்கு முன்னர் தஞ்சம் கோரியவர் ஆறு மாதம் முடிவின்றிக் காத்திருந்தால் வேலை அனுமதி கேட்கலாம். 90களில் வந்தோர் பலரின் வாழ்க்கை அந்தச் சலுகையிலேதான் தொடங்கியது. அது நீக்கப்பட்ட பின்னர், தம் பிழையின்றிப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் காத்திருப்போர் மட்டும், அதுவும் அரசாங்கப் பட்டியலிற் குறித்த தொழில்களுக்கு மட்டும், அனுமதி பெறலாம் என்றாயிற்று. பாடசாலை போன்ற பொது நிறுவனத்திலோ அறநிலையத்திலோ சம்பளமின்றித் தொண்டாற்றுவதற்குத் தடையில்லை. பயணச் செலவும் உணவுச் செலவும் பெற்றுக்கொள்ளலாம். பொலிஸ் பதிவுச் சோதனையைப் பாடசாலையே ஒழுங்கு செய்யும். ஆனால் சம்பளம் பெறும் ஒருவர் செய்ய வேண்டிய வேலையை, நேரம் குறித்து, கட்டாயமாகச் செய்விப்பார்களானால் அது தொண்டு அல்ல, வேலை. இந்த எல்லையைத் தாண்டுமுன் தமது சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நன்று.

போர்க்காலத்தில் நியமனக் கடிதமின்றி வடக்கு, கிழக்குப் பாடசாலைகளைத் தாங்கி நின்ற தொண்டர் ஆசிரியர்களை எமது மக்கள் அறிவர். நிரந்தர நியமனத்துக்காக அவர்கள் எத்தனை ஆண்டுகள் வீதியில் அமர்ந்திருந்தனர் என்பதையும் அறிவர். தொண்டு என்ற சொல்லுக்கு அத்தகைய ஒரு வரலாறு எம்மிடம் இருப்பதனாலேயே இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

ஆசிரியர் தகுதியை நேரடியாக அங்கீகரிக்கும் ஏற்பாட்டை இங்கிலாந்து 2023 பெப்ரவரியில் மேலும் ஒன்பது இடங்களுக்கு விரித்தது. இந்தியாவும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் இருந்தன, இலங்கை இருக்கவில்லை. பலாலியிலோ கோப்பாயிலோ பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவர் இருபது ஆண்டுகள் கணிதம் கற்பித்திருந்தாலும் பக்கத்திலுள்ள குட்டைக் கதிரையிலேதான் தொடங்க வேண்டியிருந்தது.

கையொப்பமிட முன்பும் பின்பும்

ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், எந்தச் சம்பளத் தரம் என்ற மூன்றும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மதிய உணவு நேர மேற்பார்வையாளர் போன்று நாளுக்கு ஒரு மணித்தியாலம் வேலை செய்வோரும் விடுமுறைச் சம்பளத்துக்கு உரித்துடையவரே. பாடசாலை ஒன்றில் பகுதிநேரமாக இசை கற்பித்த ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் வேலை செய்தாலும், ஒப்பந்தம் ஆண்டு முழுவதும் நீடிப்பதாயின் 5.6 வார விடுமுறைச் சம்பளம் குறைக்கப்படலாகாது என்று 2022 ஜூலையில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. அரசாங்கம் பின்னர் விதிகளை மாற்றிவிட்டது. 2024 ஏப்ரில் முதலாந் திகதிக்குப் பின் தொடங்கும் விடுமுறை ஆண்டுகளில், இத்தகையோரிற் பலருக்கு வேலை செய்த நேரத்தின் விகிதப்படி கணக்கிடலாம். அதற்கு முந்திய காலத்துக்கான கணக்கில் ஐயமிருந்தால் தொழிற்சங்கத்திடம் கேட்கலாம். உதவியாளர்கள் பெரும்பாலும் யூனிசன், ஜி.எம்.பி., யூனைற் ஆகிய சங்கங்களிற் சேர்கின்றனர். பகுதிநேர ஊழியருக்குச் சந்தாப் பணமும் குறைவு.

ஓய்வூதியப் பங்களிப்பு சம்பளத்தைக் குறைக்கிறதென்று உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டத்திலிருந்து விலக எண்ணுவோர் உண்டு. விலகுவதற்குப் பதிலாகப் பாதிப் பங்களிப்பைச் செலுத்திப் பாதி ஓய்வூதியத்தைச் சேர்க்கும் வழியும் அத்திட்டத்திலேயே இருக்கிறது.

மருந்து கொடுத்தல் இன்னொரு விடயம். நீரிழிவுள்ள பிள்ளைக்கு ஊசி ஏற்றவும், குழாய் வழியாக உணவு செலுத்தவும் உதவியாளர்கள் கேட்கப்படுகின்றனர். எந்த ஊழியரையும் கேட்கலாம், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது, உரிய பயிற்சியும் வழங்க வேண்டும் என்று கல்வி அமைச்சு 2014 இல் வெளியிட்ட வழிகாட்டல் தெளிவாகவே எழுதியது. மறுத்தால் வேலை போய்விடும் என்ற அச்சத்திற் பயிற்சியின்றித் தலையசைப்பது பிள்ளைக்கும் ஆபத்து.

அடியும் கடியும் படுவதைப் பற்றி எம்மவர் வாய் திறப்பதில்லை. 'சின்னப் பிள்ளைதானே' என்று நீல அடையாளத்தைச் சட்டைக் கையால் மறைத்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர். பிள்ளை மீது கோபம் தேவையில்லைதான். ஆனால் 1974 ஆம் ஆண்டின் வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம் உதவியாளருக்கும் பொருந்தும். விபத்துப் புத்தகத்தில் அன்றே பதியப்படாத காயம், மூன்று மாதம் கழித்து முதுகுவலியாக வரும்போது எவராலும் நம்பப்படுவதில்லை. கல்விப் பணியாளரின் நலன் குறித்து 2021 இல் கல்வி அமைச்சு ஒரு சாசனம் வெளியிட்டது. அதிற் கையொப்பமிடுவது பாடசாலையின் விருப்பம். மனச்சோர்வுற்றோருக்கு, 1877 இல் ஆசிரியர் நலநிதியாகத் தொடங்கி இப்போது 'எடியுகேஷன் சப்போர்ட்' என்ற பெயரில் இயங்கும் அறநிலையத்தின் இலவசத் தொலைபேசிச் சேவை உண்டு. ஆசிரியருக்கு மட்டுமன்றி உதவியாளருக்கும் சமையலறைப் பணியாளருக்கும் அது உரியது என்பது பலருக்குத் தெரியாது.

இறுதியாக மொழிபெயர்ப்பு. பாடசாலையில் ஒரு தமிழ் உதவியாளர் இருக்கிறார் என்றால், தமிழ்ப் பெற்றோர் எவர் வந்தாலும் அவரே அழைக்கப்படுகிறார். வாசலில் இரண்டு நிமிடம் உதவுவது வேறு. ஒரு பிள்ளையின் கற்றல் இடர்ப்பாடு பற்றிய ஒரு மணி நேரக் கூட்டத்திலும், வீட்டில் நடந்த வன்முறை பற்றிய விசாரணையிலும் மொழிபெயர்ப்பது வேறு. அதற்கெனப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளருக்கு மணித்தியாலக் கணக்கிற் பணம் செலுத்தப்படுகிறது. உதவியாளருக்கு நன்றி மட்டும் கிடைக்கும். அவர் விட்டுச் சென்ற பிள்ளை அந்த மணித்தியாலம் முழுவதும் தனியே அமர்ந்திருக்கும். கேட்ட கதைகளை எவரிடமும் சொல்ல முடியாமல் வீட்டுக்குச் சுமந்து செல்வதும் அவரே; மறுநாள் தமிழ்க் கடையில் அதே பெற்றோரின் முகத்தைப் பார்க்க வேண்டியவரும் அவரே. பெற்றோராகிய நாங்கள் பெரிய கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே பாடசாலைக்கு எழுதிக் கேட்கலாம். உதவியாளராக இருப்பவர் ஒவ்வொரு அழைப்பின் திகதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்து, ஆண்டு முடிவில் வேலை விவரம் மீளாய்வு செய்யப்படும்போது அந்தக் கொப்பியை மேசையில் வைக்கலாம்.